ஃபினெக்டியில் 'போ' வீடு எது?

அபர்டீனிலிருந்து:

என் கணவர் ஸ்காட்லாந்துக்காரர். மகளைப் பள்ளியில் வம்சாவளி வரைந்து வரச் சொன்னார்கள். மாமியார் வழியைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் பிறந்த ஊர் வடகிழக்குக் கடலோரத்து மீனவக் கிராமம். எழுதுவது ஃபிண்டாக்டி, சொல்வது ஃபினெக்டி. இது தெரியாமல் இரண்டு நாள் வரைபடத்தில் இல்லாத ஊரைத் தேடினேன்.

கொள்ளுத்தாத்தாவின் குடும்பப்பெயர் ஃப்ளெட். பதிவேட்டைத் திறந்தால் எங்கு திரும்பினாலும் ஃப்ளெட்! முதற்பெயரும் உதவவில்லை. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்பது அங்கே பழைய வழக்கம். பேரன் என்றால் பெயரன் என்போமே, அதேதான். ஒரு தாத்தாவுக்கு ஐந்து மகன்கள் இருந்தால் அவர் பெயரில் ஐந்து பேரன்கள் ஓடித் திரிவார்கள்.

சோர்ந்துபோய் மாமியாருக்குப் போன் போட்டேன். "நாம 'போ' வீடும்மா, இது கூடவா தெரியாது?" என்றார். (சிரித்துவிட்டேன்.) ஒரே பெயரில் பலர் இருப்பதால் மீனவக் குடும்பங்களுக்கு 'டீ நேம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டாம். சொத்து மதிப்பீட்டுப் பட்டியலில் பெயரோடு சேர்த்து அதையும் எழுதியிருந்தார்கள். ஒரு வாரமாகச் சிக்காதவர் அரைமணியில் சிக்கினார். அவருடைய மனைவியைத் தேடுவது அதைவிட எளிது. அங்கே கல்யாணமான பெண்ணின் பிறந்தவீட்டுப் பெயரைப் பதிவேடு அழிப்பதில்லை. கல்லறைக் கல்லிலும் அதுதான்.

கிளாஸ்கோவிலிருந்து:

என்னோடு வேலை பார்ப்பவர் ஒரு மெக்கின்டயர். குலத்தலைவர் பரம்பரை என்ற நினைப்பில் அந்தக் குலத்துக் கட்டம் போட்ட டை எல்லாம் வைத்திருக்கிறார். கேலிக் மொழியில் அதற்குத் 'தச்சன் மகன்' என்று பொருள் என்றேன். முகம் வாடியது. பிறகு, "அப்போ நாங்க தச்சர்களா?" என்று உற்சாகமாகத் தேடினார். 1861 கணக்கெடுப்பில் முப்பாட்டனார் பெய்ஸ்லியில் சால்வை நெசவாளி! நம் பட்டுப்புடவை மாங்காய்க்கு ஆங்கிலத்தில் பெயர் கொடுத்த ஊர் அது. பேக்ஸ்டர் என்றால் ரொட்டி சுடுபவர், வெப்ஸ்டர் என்றால் நெசவாளி என்பதெல்லாம் பல நூற்றாண்டுக்கு முந்தைய கதை. அதை வைத்துத் தாத்தாவின் தொழிலை முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று: ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்புகளை அரசு பதியத் தொடங்கிய 1855இல் பிறந்தவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் லாட்டரி அடித்த மாதிரி. பெற்றோரின் வயது, பிறந்த ஊர், கல்யாணம் நடந்த இடம் வரை அந்த வருடப் பதிவில் இருக்கும். எழுதிக் கை வலித்ததோ என்னவோ, மறு வருடமே குறைத்துவிட்டார்கள்.

எடின்பரோவிலிருந்து:

நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவ, கெர்கஸ்வோல்ட் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் மலையில் டன்சினன், பெல்மோரல் என்று ஸ்காட்லாந்துப் பெயர்கள் நிறைய. இங்கே வந்த பிறகுதான் கெர்கஸ்வோல்ட் என்று நிஜமாகவே ஒரு கிராமம் அயர்ஷயரில் இருப்பது தெரிந்து, பஸ் பிடித்துப் போனேன். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் கவிதையில் சூட்டர் ஜானியாக வரும் நிஜ மனிதர் அந்தத் தேவாலய முற்றத்தில்தான் புதைந்திருக்கிறார். சூட்டர் என்றால் செருப்புத் தைப்பவர். அந்நாட்டுப் பழைய கற்களில் தொழிலையே செதுக்குவார்கள். சுத்தியலும் கிரீடமும் இருந்தால் கொல்லர், கத்தரிக்கோல் இருந்தால் தையற்காரர். பெயர் தேய்ந்துபோனாலும் ஆளைப் பிடித்துவிடலாம்.

அங்கே நின்ற பெரியவர் ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். கெர்கஸ்வோல்ட் என்றேன். "இதுதானம்மா கெர்கஸ்வோல்ட்" என்றார் பொறுமையாக. போனை எடுத்துத் தேயிலைக்கு நடுவே நிற்கும் பெயர்ப்பலகையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.