இடுப்பு வலிக்கு சைக்காலஜிஸ்ட்கிட்ட போகச் சொல்றாங்க. போகலாமா?

குனியாதவள்:

வயசு 41. இடுப்பு வலி ஆரம்பிச்சு நாலரை வருஷம் ஆச்சு. ஈரத்துணி இருந்த வாளியைத் தூக்கினப்ப சுளுக்குன்னு ஒரு பிடிப்பு, அன்னைக்குப் பிடிச்சது இன்னும் விடலை. ரெண்டு தடவை எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. கீழ் முதுகுல எல்4, எல்5ங்கிற எலும்புகளுக்கு நடுவுல ஜவ்வு லேசாப் பிதுங்கியிருக்கு, நரம்பை அழுத்தலை, ஆபரேஷன் வேண்டாம்னு ரெண்டு டாக்டருமே சொல்லிட்டாங்க. மாத்திரை, ஊசி, பெல்ட், பிசியோதெரபி எல்லாம் ஒரு சுற்று முடிஞ்சுது.

போன வாரம் வலி சிகிச்சை டாக்டர் ஒரு சைக்காலஜிஸ்ட் பேரை எழுதிக் கொடுத்தார். எனக்கு முகமே சுருங்கிப் போச்சு. "அப்போ நான் நடிக்கிறேன்னு நினைக்கிறீங்களா சார்?"னு கேட்டே விட்டேன். "அப்படியெல்லாம் இல்லம்மா"ன்னார். அதுக்கு மேல விளக்க அவருக்கு நேரமில்லை, வெளியே அத்தனை கூட்டம். வீட்டுக்காரர் போய்த்தான் பாரேங்கிறார். அக்கா, "உனக்கென்ன பைத்தியமா?"ங்கிறா.

ராத்திரி புரண்டு படுக்க முடியாம முழிச்சிருக்கிறது நான். பேசினா இந்த வலி எப்படிங்க போகும்? யாராவது போயிருந்தா, உள்ளே என்னதான் செய்வாங்கன்னு சொல்லுங்க.

---

வழிப்போக்கன்:

எனக்கும் எழுதிக் கொடுத்தாங்க, மூணு தடவை போனேன். சின்ன வயசுல அப்பா அடிப்பாரா, அம்மா எப்படின்னு கேட்டுக்கிட்டே இருந்தார். முட்டி வலியைப் பத்தி ஒரு கேள்வி கிடையாது. நின்னுட்டேன். என் கருத்து: நேர விரயம்.

---

பிழைதிருத்தி:

சகோதரி, உங்க டாக்டர்கிட்ட நீங்க கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டவன்தான். இன்னும் கொஞ்சம் சத்தமா கேட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குக் கழுத்துல தொடங்கி வலது தோள்பட்டை வரைக்கும் வலி, ஏழு வருஷமா. தொழில் மெய்ப்புத் திருத்துறது. நாள் முழுக்கக் குனிஞ்ச தலை. நான் போனது வலிக்காகவே சிகிச்சை கொடுக்கிற ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட. மொத்தம் பத்து அமர்வு. முதல் நாள் அப்பா அம்மா பேச்சே வரலை. கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, மணிக்கு மணி என்ன செஞ்சேன், வலி பத்துக்கு எத்தனைன்னு ஒரு வாரம் எழுதிட்டு வரச் சொன்னாங்க. கணக்கப்பிள்ளை வேலையா இருக்கேன்னு மனசுக்குள்ள சலிச்சுக்கிட்டேன்.

அந்தத் தாள்தான் என்னைக் காட்டிக் கொடுத்துச்சு. ஞாயிற்றுக்கிழமை வலி கம்மி. சும்மா இருப்பேனா, புத்தக அலமாரி மொத்தத்தையும் இறக்கித் தூசி தட்டி அடுக்கியிருக்கேன். திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளும் படுக்கை. ஏழு வருஷமா இதேதான் நடந்திருக்கு. விட்டா ஒரேயடியா ஓட்டம், இல்லாட்டி ஒரேயடியா முடக்கம். எப்ப எழுந்திருக்கணும், எப்ப படுக்கணும்னு வலிதான் எனக்கு உத்தரவு போட்டுக்கிட்டிருந்தது.

அவங்க செஞ்சது சின்ன விஷயம். வலி ஏறுற வரைக்கும் எத்தனை நிமிஷம் குனிஞ்சு படிக்க முடியுதுன்னு மூணு நாள் அளக்கச் சொன்னாங்க. 22, 9, 14. சராசரி 15. அதுல அஞ்சுல ஒரு பங்கைக் கழிச்சா 12. இனிமே 12 நிமிஷத்துல எழுந்துடணும், வலிச்சாலும் வலிக்காட்டியும். மணியடிச்சா எழுந்திரு, ரெண்டு நிமிஷம் நட, திரும்ப உட்காரு. வலிக்கும்போது எழுந்திருக்கிறது ஒண்ணும் பெரிசில்லை. நல்லா இருக்கும்போது, பக்கத்துல பாதி வரியை விட்டுட்டு எழுந்திருக்கணும் பாருங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் செஞ்சேன். வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷமாக் கூட்டி, நாலு மாசத்துல 35 நிமிஷத்துக்கு வந்தேன். வலியைப் பார்த்து நிறுத்தாதே, மணியைப் பார்த்து நிறுத்துங்கிற இந்த முறை 1970கள்ல வில்பர்ட் ஃபோர்டைஸ்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் வலி நோயாளிகளோட வேலை செஞ்சு உருவாக்கினதாம்.

ரெண்டாவது, பயம். கார் ஓட்டும்போது பின்னாடி பார்க்கணும்னா எனக்குத் தலை திரும்பாது. உடம்பு மொத்தமும் கதவு மாதிரித் திரும்பும். ஏன்னு கேட்டாங்க. "திருப்பினா கழுத்து உடைஞ்சிடும்"னு வாயில வந்துடுச்சு. சொன்னப்புறம் எனக்கே சிரிப்பு. ஆனா உடம்பு அதை நம்பிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. அந்த அறையில என் முதுகுக்குப் பின்னாடி சுவர்க் கடிகாரம் ஒண்ணு. மணி எத்தனைன்னு திரும்பிப் பார்த்துச் சொல்லச் சொன்னாங்க. கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பினேன். கழுத்துக்குள்ள 'நொறுக்'னு ஒரு சத்தம், உள்ளங்கை வேர்த்துடுச்சு. அவங்க அவசரப்படாம உட்கார்ந்திருந்தாங்க. "இப்ப என்ன ஆச்சு?" "ஒண்ணும் ஆகலை. நாலே கால்." அடுத்த வாரமும் அதே கடிகாரம்தான்.

"அப்போ என் வலி கற்பனையா?"ன்னு கேட்டதுக்கு ஒரு சம்பவம் சொன்னாங்க. 1995-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது. 29 வயசுக் கட்டடத் தொழிலாளி ஒருத்தர் 15 சென்டிமீட்டர் ஆணி மேல குதிச்சுட்டார், ஆணி பூட்ஸுக்குள்ள ஏறிடுச்சு. ஆணியை லேசா அசைச்சாலே தாங்க முடியாத வலி. ஊசி போட்டு மயக்கித்தான் உருவியிருக்காங்க. பூட்ஸைக் கழட்டிப் பார்த்தா ஆணி ரெண்டு விரலுக்கு நடுவுல போயிருக்கு, கால்ல ஒரு கீறல் இல்லை. அந்த மனுஷன் நடிக்கலை, வலி நிஜம். ஆபத்துன்னு மூளை முடிவு பண்ணிட்டா வலிக்கும். பழைய காயத்துல அந்த அலாரம் அணையாம மாட்டிக்கிட்டதுதான் நம்ம கேஸ்.

வலி போச்சான்னு கேட்டா, போகலை. ஏழுல இருந்தது அஞ்சு. சில நாள் நாலு. ஆனா வேலைக்கு முழு நேரம் போறேன், தூங்குறேன். 2020-ல, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுற காக்ரேன் குழு 75 ஆய்வுகளை, ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளோட தரவைச் சேர்த்துப் பார்த்தப்ப, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையால (நினைப்பையும் பழக்கத்தையும் மாத்துற இந்த மாதிரிச் சிகிச்சை, சுருக்கமா சிபிடி) வலி, முடக்கம், மன உளைச்சல் மூணுமே குறையுது, ஆனா கொஞ்சம்தான்னு சொல்லியிருக்காங்க. அந்தக் 'கொஞ்சம்' எனக்கு எவ்வளவு பெரிசுன்னு ஆய்வுக்காரங்களுக்குத் தெரியாது, அது வேற.

வழிப்போக்கன், உங்க முட்டியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்காதவர்கிட்ட நின்னது சரிதான். ஆனா அவரை வச்சு வைத்தியத்தை எடை போடாதீங்க.

---

பிசியோ_15வருஷம்:

மேலே சொன்னதோட ரெண்டு விஷயம். 2015-ல வந்த ஒரு தொகுப்பாய்வு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தது. 40 வயசுல பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுக்கம் இருந்துச்சு. உங்க ரிப்போர்ட்டை அலமாரியில வச்சுப் பூட்டுங்க மேடம். இன்னொண்ணு, சொல்ல வெட்கமா இருக்கு: "குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க"ன்னு வர்றவங்களை எல்லாம் மிரட்டி அனுப்பினவங்கள்ல நானும் ஒருத்தி. உங்க பேரைப் பார்த்ததும் சுருக்குன்னுச்சு.

போறதுக்கு முன்னாடி போன்லயே கேட்டுடுங்க: நாள்பட்ட வலிக்குச் சிகிச்சை கொடுத்த பழக்கம் இருக்கா, சிபிடி அல்லது ஏசிடி (வலியை ஏத்துக்கிட்டே வாழ்க்கையை நடத்தப் பழக்குறது) முறை தெரியுமா, டாக்டரோடயும் பிசியோவோடயும் பேசுவீங்களான்னு. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. சிறுநீர் மலம் கட்டுப்பாடு போறது, தொடை இடுக்குல மரத்துப் போறது, பாதம் தூக்க முடியாம தொய்யறது, இதுல எது வந்தாலும் சைக்காலஜிஸ்ட் இல்லை, நேரா எமர்ஜென்சி.

---

குனியாதவள்:

எல்லாருக்கும் நன்றி. அக்காவுக்கு ஆணிக் கதையைச் சொன்னேன், "அந்தாளு பாவம்"னா. அந்தாளு மேல வந்த பாவம் என் மேல எப்ப வரும்னு தெரியலை. 18ஆம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கேன்.

அதுவரைக்கும் சும்மா இருப்பானேன்னு, பாத்திரம் கழுவ நிக்கும்போது அளந்தேன். 11, 7, 9 நிமிஷம். சராசரி 9. அப்போ எனக்கு ஏழா? ஏழு நிமிஷத்துல பாதிப் பாத்திரம்கூட முடியாதே?

---

பிழைதிருத்தி:

ஏழுதான். பாதியை அப்படியே போட்டுட்டு வந்து உட்காருங்க. முதல் வாரம் அந்தப் பாத்திரங்களைப் பார்க்கிறதுதான் வலியைவிட மோசமா இருக்கும், சொல்லிட்டேன்.