எஸ். முத்தையா நினைவுக் கண்காட்சி: ராயபுரத்துப் பழைய படங்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. ஆகஸ்ட் 22 சென்னை தினத்தையொட்டி, எங்கள் ராயபுரம் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து எஸ். முத்தையா நினைவாகச் சிறு புகைப்படக் கண்காட்சி வைக்கிறோம். 1991இல் மெட்ராஸ் மியூசிங்ஸ் இதழைத் தொடங்கியவர். 2004இல் இந்தக் கொண்டாட்டத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர். 2019இல் மறையும்வரை இந்நகரின் பழைய கட்டடங்களுக்காக ஓயாமல் எழுதினார். அவருக்கு மாலை போட்ட படம் மட்டும் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

1980களுக்கு முந்தைய ராயபுரம் படங்கள் யாரிடமாவது இருக்கின்றனவா? 1856இல் திறந்த ரயில் நிலையத்தின் படங்கள் வேண்டிய மட்டும் வந்துவிட்டன, போதும்! வீட்டுத் திண்ணை, கடைப் பலகை, காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வருவதற்கு முந்தைய கடற்கரை, கல்யாணப் படத்தின் ஓரத்தில் தற்செயலாக விழுந்த தெரு, இவைதான் கிடைக்கவில்லை.

அசலைத் தர வேண்டாம். வீட்டுக்கே வந்து ஸ்கேன் செய்துகொள்கிறோம். வெளியூரில் இருப்பவர்கள் மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படத்தின் தரம் குறைந்துவிடுகிறது. தெருப் பெயரும் தோராயமான ஆண்டும் அவசியம். தொண்ணூறுகளின் மெட்ராஸ் மியூசிங்ஸ் இதழ்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஒரு வாரம் இரவல் தர முடியுமா? பத்திரமாகத் திருப்பித் தருவது என் பொறுப்பு.