கோத்தகிரி பக்கம் பெண் மருத்துவர் தெரிந்தால் சொல்லுங்களேன்

அக்கா தங்கைகளுக்கு வணக்கம். தேயிலைத் தோட்டத்தில் என்னோடு கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்காகக் கேட்கிறேன். இரண்டு வாரமாக அவளுக்கு வெள்ளைப்படுதல் மஞ்சளும் பச்சையுமாக, நுரைத்து, கெட்ட வாடையோடு வருகிறது. சிறுநீர் போகும்போது எரிச்சல். வீட்டில் 'சூடு, வெந்தயம் ஊறவைத்துக் குடி' என்று முடித்துவிட்டார்கள்.

தயிர்த் திப்பி போல வெள்ளையாக வந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று, அது பொதுவாகப் பால்வினை நோய் இல்லை. இவளுக்கு ட்ரைக்கோமோனாஸ் என்ற, உறவு மூலம் பரவும் ஒட்டுண்ணித் தொற்றாக இருக்குமோ என்று எனக்குப் பயம். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து நாமே முடிவு கட்ட முடியாதே! கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினை நோய்கள் எல்லாம் பல பெண்களுக்கு அறிகுறியே காட்டாது. அடிவயிற்று வலி, உறவுக்குப் பின் ரத்தம், வலிக்காத புண் என எது இருந்தாலும் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

1097 என்ற அரசின் இலவச எய்ட்ஸ் உதவி எண்ணில் கேள் என்றேன். ஒரே அறை வீட்டில் மாமியார் முன்னால் எப்படிப் பேசுவது என்கிறாள், பாவம்.

கோத்தகிரியிலோ குன்னூரிலோ திட்டாமல், முகம் சுளிக்காமல் பார்க்கும் பெண் மருத்துவர் யார்? ஞாயிற்றுக்கிழமை இருந்தால் கூலி போகாது. அப்புறம், இது ட்ரைக்கோமோனாஸ்தான் என்றால், கணவரும் சேர்ந்து மருந்து எடுக்காவிட்டால் திரும்பி வரலாம். சண்டை வராமல் அவரிடம் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எனக்குத் தனியாக எழுதுங்கள்.