'டாம் சாயர்' மறுவாசிப்பு: பதினைந்தாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன்

ஆற்றுமணல் கேட்கிறார்:

மார்க் ட்வைனின் 'டாம் சாயர்' நாவலைச் சிறுவயதில் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். வளர்ந்த பிறகு அதை மறுபடி எடுத்தவர்களிடம்தான் என் கேள்வி.

என் பையனுக்குப் பத்து வயதாகப் போகிறது. அவனிடம் கொடுப்பதற்கு முன்னால் நாமும் ஒரு தடவை படித்துவிடலாம் என்று எடுத்தேன். வேலிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் அத்தியாயம் இன்றைக்கும் அதே ஓட்டத்தோடுதான் இருக்கிறது. பென் ராஜர்ஸ் ஆப்பிளைக் கடித்தபடி நீராவிக் கப்பலாகவே மாறி வருகிறான். கப்பலும் அவன், கேப்டனும் அவன், மணியோசையும் அவனேதான். டாம் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு பூச்சு இழுக்கிறான், தள்ளி நின்று பார்க்கிறான், இன்னொரு இழுப்பு. கடைசியில் வேலிக்கு மூன்று பூச்சு முடிந்துவிடுகிறது. டாமிடம் ஒரு பட்டம், செத்த எலி, அதைக் கட்டிச் சுழற்றக் கயிறு, ஒற்றைக்கண் பூனைக்குட்டி, எந்தப் பூட்டையும் திறக்காத சாவி என்று ஒரு சொத்தே சேர்ந்துவிடுகிறது. வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் பதினைந்தாம் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. டாம், ஜோ ஹார்ப்பர், ஹக் மூவரும் ஜாக்சன் தீவுக்கு ஓடிப்போய்க் கொள்ளைக்காரர்களாக விளையாடுகிறார்கள். ஆற்றில் மூழ்கிவிட்டார்கள் என்று ஊரே தேடுகிறது. டாம் இரவில் வீட்டுக்குத் திருட்டுத்தனமாக வந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறான். தைக்கும்போது விரலில் மாட்டும் உறையால் அவன் தலையில் குட்டியதைச் சொல்லிச் சொல்லி அழுகிறார் பாலி பெரியம்மா. ஜோவின் அம்மா நிலைமை இன்னும் மோசம். பாலாடையைத் திருடித் தின்றுவிட்டான் என்று மகனை அடித்திருக்கிறார். அது புளித்துப்போனதால் கொட்டியது தானேதான் என்பது இப்போதுதான் அவருக்கு நினைவு வருகிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு டாம் என்ன செய்கிறான்? தூங்குகிற பெரியம்மாவுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, உயிரோடு இருப்பதைச் சொல்லாமலேயே தீவுக்குத் திரும்பிவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை தங்கள் இறுதிச் சடங்கிலேயே வந்து நிற்பதற்காக. சின்ன வயதில் எனக்குப் பிடித்த இடமே அந்தச் சடங்குதான். இப்போது எரிச்சல் வந்து புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இது குறும்பா, கொடுமையா? இதையெல்லாம் விளையாட்டாகச் சொல்லிப் போகும் புத்தகத்தைப் பையனிடம் கொடுக்கலாமா? சுருக்கப் பதிப்பு வாங்கிக் கொடுத்தால் தேவலையா?

மழைக்காகிதம்:

தாராளமாகக் கொடுங்கள். பத்து வயதில் தீவும் படகும் குகையும்தான் கண்ணுக்குத் தெரியும். சிறுவர்களுக்கு எழுதியதுதான் என்றாலும் பெரியவர்கள் ஒதுக்கிவிடக் கூடாது, அவர்கள் ஒரு காலத்தில் எப்படி இருந்தார்கள் என்று நினைவூட்டுவதும் தன் நோக்கம் என்று ட்வைனே 1876இல் முன்னுரையில் எழுதியிருக்கிறார். நீங்கள் நின்ற இடத்தில் உங்கள் பையன் நிற்க மாட்டான். அவன் டாமோடு படகில் ஏறிப் போய்விடுவான்.

பழைய அலமாரி:

எனக்கு மிகவும் நெருக்கமான புத்தகம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஆற்றுமணல், தயவுசெய்து பத்தொன்பதாம் அத்தியாயம் வரை போங்கள். உங்கள் கேள்விக்கு ட்வைன் அங்கே நேராகவே பதில் சொல்கிறார்.

நீங்கள் சொன்ன அந்த இரவில் டாமின் சட்டைப்பையில் ஒரு மரப்பட்டைச் சுருள் இருக்கிறது. தீவிலிருந்து கிளம்பும்போதே சிவப்புக் கட்டியால் எழுதிக் கொண்டுவந்தது. நாங்கள் சாகவில்லை, கொள்ளைக்காரர்களாகப் போயிருக்கிறோம், அவ்வளவுதான் என்று அதில் எழுதியிருக்கிறான். அதை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்தும்விடுகிறான். அப்போதுதான் சடங்கு யோசனை வருகிறது, உடனே எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறான். ஆக, அவன் வந்ததே பெரியம்மாவின் கவலையைத் தீர்க்கத்தான். நல்ல எண்ணத்தை ஒரு நாடக ஆசை தின்றுவிட்டது. பையன்களுக்கு உண்மையிலேயே இப்படித்தான் நடக்கும்.

திரும்பி வந்தவன் அத்தோடு நிற்கவில்லை. ஒளிந்திருந்து கேட்டதையெல்லாம் கனவில் கண்டதாகப் பெரியம்மாவிடம் அளக்கிறான். அவரும் உருகிப்போய், அவன் கிடைத்தால் கொடுக்கலாம் என்று எடுத்துவைத்திருந்த பெரிய ஆப்பிளைக் கொடுக்கிறார். பிறகு ஜோவின் அம்மா மூலம் உண்மை தெரிந்துவிடுகிறது. அப்போது அவர் கேட்பதுதான் நாவலிலேயே கனமான பேச்சு. எங்கள் துக்கத்தைப் பார்த்துச் சிரிக்க அவ்வளவு தூரம் ராத்திரியில் வரத் தோன்றியது, எங்கள்மேல் இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா என்கிறார். காலையில் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்த வேலை இப்போது டாமுக்கே கேவலமாகத் தெரிகிறது. ட்வைன் அதை அப்படியே எழுதியிருக்கிறார். விளையாட்டாகச் சொல்லிப் போகவில்லை.

டாம் பட்டைச் சுருளைப் பற்றியும் முத்தத்தைப் பற்றியும் சொல்கிறான். நம்பலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தீவில் கிழிந்துபோன அந்தச் சட்டையை ஓடிப்போய் எடுக்கிறார். பையில் கைவிடப் பயம். இதுவும் பொய்யாகத்தான் இருக்கும், ஆனாலும் நல்ல மனசோடு சொன்ன பொய், அது பொய் என்று தெரிந்துகொள்ளவே வேண்டாம் என்று சட்டையை வைத்துவிடுகிறார். இரண்டு தடவை கை நீட்டுகிறார், இரண்டு தடவையும் இழுத்துக்கொள்கிறார். மூன்றாவது தடவை கைவிட்டால் பட்டை இருக்கிறது.

முதல் அத்தியாயத்தில் இதே பெரியம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலேயும் கீழேயும் பார்த்துத்தான் டாமைத் தேடுவார். பையன் மாதிரி ஒரு சின்ன விஷயத்துக்காக அவர் கண்ணாடி வழியாகப் பார்ப்பதில்லை, அது பெருமைக்குப் போட்டது என்று ட்வைன் சிரிக்க வைப்பார். அந்த அம்மாதான் இங்கே கண்ணீர் வழிய அந்தக் கிறுக்கல் எழுத்தைப் படிக்கிறார். பத்து லட்சம் பாவம் செய்திருந்தாலும் இவனை மன்னித்துவிடுவேன் என்கிறார். அந்த நேரத்தில் டாம் பள்ளிக்கூட வழியில் இருக்கிறான். அவர் படித்தது அவனுக்குத் தெரியாது, வாசகருக்கு மட்டும்தான் தெரியும்.

பாலி பெரியம்மாவுக்கு முன்மாதிரி ட்வைனின் அம்மா ஜேன் கிளெமென்ஸ். அப்பா 1847இல் இறந்தபோது ட்வைனுக்குப் பதினொரு வயது. நாவல் வந்தபோது அம்மா உயிரோடு இருந்தார், 1890இல்தான் இறந்தார். ஒரு மகன் நாற்பது வயதில், அம்மாவைப் படுத்தியதெல்லாம் அவர் பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று எழுதிப் பார்த்த புத்தகமாகத்தான் நான் இதைப் படிக்கிறேன்.

அதனால் சுருக்கப் பதிப்பு வேண்டவே வேண்டாம். நான் பார்த்தவற்றில் வேலியும் குகையும் மிஞ்சும், இந்த மரப்பட்டை போய்விடும். அப்புறம் டாம் வெறும் வாலு. சடங்கு நடக்கும் தேவாலயத்தில் டாமையும் ஜோவையும் எல்லோரும் கட்டிக்கொள்ள, ஹக் எங்கே போய் ஒளிவதென்று தெரியாமல் நிற்கிறானே, அதையும் பாருங்கள். ஹக்கைப் பார்த்தும் யாராவது சந்தோஷப்பட வேண்டும், இல்லாவிட்டால் இது நியாயமில்லை என்று சொல்வது டாம்தான்.

கரையோரம்:

பழைய அலமாரி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் பையனிடம் கொடுக்கும் முன் நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் வேறு: இன்ஜுன் ஜோ.

அவன் கொலைகாரன், சந்தேகமில்லை. ஆனால் கல்லறையில் டாக்டர் ராபின்சனிடம் அவன் சொல்லும் பழைய கணக்கைக் கவனியுங்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் சாப்பாடு கேட்டு வந்தவனை டாக்டர் விரட்டியிருக்கிறார். டாக்டரின் அப்பா அவனை நாடோடி என்று சிறையில் போட்டிருக்கிறார். ஊரிலிருக்கும் விதவை டக்ளஸ் அம்மாள்மேல் வன்மம் வைத்திருப்பதற்குக் காரணமும் அவருடைய கணவர் ஊரறியக் கொடுத்த சவுக்கடி. இவ்வளவையும் எழுதிவிட்டு, இந்த மாதிரிப் பழிவாங்கல் வெள்ளையர்கள் செய்வதில்லை, செவ்விந்தியன்தான் செய்வான் என்று ஒரு பெரியவரைச் சொல்லவும் விடுகிறது நாவல். ஒரு குழந்தை இதைத் தனியாகப் படித்தால் அப்படியே நம்பிவிடும்.

முடிவும் லேசானதல்ல. குகை வாசலில் இரும்புத் தகடு அடித்துப் பூட்டிவிடுகிறார்கள், அவன் உள்ளே இருப்பது தெரியாமல். மெழுகுவர்த்தித் துண்டையும் வௌவாலையும் தின்று, மூன்று நிமிடத்துக்கு ஒரு சொட்டாக விழும் தண்ணீரைப் பிடித்துக் குடித்துச் சாகிறான். அதே குகையில் மாட்டித் தவித்தவன் என்பதால் டாமுக்கே அவன்மேல் இரக்கம் வருகிறது.

தண்ணீர் எடுக்கப் போகும் ஜிம்மும் அப்படித்தான். மிசௌரி அப்போது அடிமைமுறை இருந்த மாநிலம், அவன் பாலி பெரியம்மா வீட்டு அடிமைச் சிறுவன். இந்த நாவல் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறது. 'ஹக்கிள்பெரி ஃபின்'னில்தான் ட்வைன் அந்தப் பக்கம் முகம் கொடுக்கிறார். கூட உட்கார்ந்து படித்தால் பையன் தானாகவே கேள்வி கேட்பான்.

ஆற்றுமணல்:

நன்றி, எல்லோருக்கும். நேற்று ராத்திரி பத்தொன்பதாம் அத்தியாயம் வரை வந்துவிட்டேன். அந்தச் சட்டைப்பை இடத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். டாம்மேல் இருந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, ஆனால் புத்தகத்தின் மேல் இல்லை.

சரி, முழுப் பதிப்பே வாங்குகிறேன். வேலி, தீவு, மூட்டைப்பூச்சி மருந்து மாதிரி இருக்கும் அந்த டானிக்கைப் பூனைக்கு ஊற்றுகிற கூத்து, இதெல்லாம் அவனே படித்துக்கொள்ளட்டும். கல்லறையும் குகையும் நாங்கள் சேர்ந்து படிக்கிறோம். கரையோரம், 'ஹக்கிள்பெரி ஃபின்' எந்த வயதில் சரிப்படும் என்று உங்களிடம் கேட்க வேண்டும், அதைத் தனித் திரியாகவே போடுகிறேன்.