ஆம்ப்ல லெஃப்ட் மட்டும் கரகரப்பு, எஸ்எம்டி (போர்டு மேலேயே பத்தவச்ச) 4558 சிப்பை மாத்தலாமா?

அல்சூர்வாசி:
வணக்கம், பெங்களூரு அல்சூர்ல இருக்கேன். வீட்ல பழைய 2 சேனல் ஆம்ப், லெஃப்ட்ல மட்டும் சத்தம் கம்மியா கரகரன்னு உடைஞ்சு வருது. இன்புட் ஒயரையும் மாத்திப் போட்டாச்சு ஸ்பீக்கரையும் மாத்திப் பார்த்தாச்சு, கோளாறு லெஃப்டை விட்டு நகர மாட்டேங்குது. ரிப்பேர் கடைல போர்டையே மாத்தணும்னுட்டாங்க. ப்ரீஆம்ப் (சிக்னலை முதல்ல பெருக்கற பகுதி) போர்டுல 8 கால் 4558 ஆப்-ஆம்ப் சிப் ஒண்ணு இருக்கு, அது மேலதான் சந்தேகம். எஸ்பி ரோட்ல 4558 கேட்டா 5532ங்கற சிப் தான் இருக்கு, அதைவிட நல்லதுன்னு குடுத்தாங்க. போடலாமா? கைல 25 வாட் அயன் மட்டும்தான், ஹாட் ஏர் (சூடான காத்து ஊதற மெஷின்) கிடையாது.

டின்கம்பி:
ஹாட் ஏரே வேணாம் ப்ரோ. போற சிப் தானே, கூர் கட்டரால 8 காலையும் உடம்பை ஒட்டி நறுக்கிட்டு, மிச்சக் காலை ஒவ்வொண்ணா அயன்ல தொட்டு ட்வீசரால எடுங்க. நெம்பி மட்டும் எடுக்காதீங்க, பேட் (போர்டுல கால் ஒட்டற செம்புத் துண்டு) கையோட வந்துரும்.

பழைய ரேடியோ:
கட்டரைக் கீழ வைங்க, முதல்ல மீட்டர். கருப்பு ப்ரோபை இன்புட் சாக்கெட்டோட வெளி வளையத்துல வச்சு 8ஆம் கால்ல ப்ளஸ், 4ல மைனஸ் ஏறக்குறைய சமமா வருதா பாருங்க. சிப்புக்குள்ள ரெண்டு பாதி, 1, 7 ரெண்டும் அதோட அவுட்புட், 0 கிட்ட இருக்கணும். கால் இடைவெளி 1.27 மில்லிமீட்டர்தான், ப்ரோப் வழுக்கினா நல்ல சிப்பும் காலி, அதனால அந்தக் காலோட சேர்ந்த ரெசிஸ்டர் முனைல தொட்டு அளங்க.

அல்சூர்வாசி:
8ல 14.9, 4ல மைனஸ் 15.1, 7ல 0, ஆனா 1ல 13.8 வருது அண்ணா! 3ல 0.

பழைய ரேடியோ:
அப்ப சப்ளை நல்லாருக்கு. 3 பூஜ்யத்துல இருக்கறப்ப 1 மேல போய் ஒட்டிக்கிச்சுன்னா சிப்போட அந்தப் பாதி போயிருக்கணும், இல்லேன்னா 1க்கும் 2க்கும் நடுவுல உள்ள ரெசிஸ்டர் ஓப்பன் (உள்ள அறுந்திருக்கு). ப்ளக்கைப் பிடுங்கி பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் இறங்கினதும் அந்த ரெசிஸ்டரை ஓம்ஸ்ல அளந்து, 6, 7 நடுவுல இருக்கற ஜோடியோட ஒப்பிடுங்க, ரெண்டும் ஒண்ணா வந்தா சிப்தான்.

5532 கால் வரிசை அதேதான், போடலாம். கரண்ட் கூட இழுக்கும், 8 மில்லி ஆம்பியர் பக்கம். 7815, 7915 ரெகுலேட்டர் (வோல்ட்டை நிலையா வைக்கற ஐசி) இருந்தா கவலையில்ல, ஜீனர் டயோடு வச்ச சப்ளைன்னா வோல்ட் இறங்கும். நல்லது கெட்டதுங்கறது கடைக்காரர் பேச்சு, இந்த ஆம்ப்ல காதுக்கு வித்தியாசம் தெரியாது.

அல்சூர்வாசி:
ரெசிஸ்டர் ரெண்டும் ஒண்ணுதான். காலை நறுக்கி எடுத்தாச்சு, ஆனா 5ஆம் கால் பேட் உரிஞ்சு வந்துருச்சு, போர்டு போச்சா?

டின்கம்பி:
அதெல்லாம் போகல. அந்த ட்ராக் மேல இருக்கற பச்சைப் பூச்சைப் பிளேடால சுரண்டி செம்பு தெரிஞ்சதும் ஈயம் பூசுங்க, ஒயர்ல இருந்து ஒத்தை இழை உருவி அங்கிருந்து காலுக்கு இழுத்துடுங்க. மத்த பேட்ல ஃப்ளக்ஸ் (ஈயம் நல்லா ஓட உதவற பசை) தடவி விக் (ஈயத்தை உறிஞ்சற செம்புப் பின்னல்) வச்சு பழைய ஈயத்தை எடுத்துட்டு, ஒரு மூலைக் காலை மட்டும் பத்தவச்சு சிப் நேரா உக்காந்திருக்கான்னு பார்த்துட்டு மீதியைப் பண்ணுங்க. 1ஆம் கால் புள்ளி பழைய சிப்ல எந்தப் பக்கம் இருந்துச்சோ அதே பக்கம் வரட்டும்.

பழைய ரேடியோ:
ஸ்பீக்கர் மாட்டாம, ஆம்புக்கு கரண்ட் வர்ற வழில 60 வாட் குண்டு பல்பு சீரிஸ்ல போட்டு ஆன் பண்ணுங்க. பல்பு ஒரு தடவை மின்னி மங்கணும், எரிஞ்சுகிட்டே இருந்தா உடனே ஆஃப். அப்புறம் 1, 7 அளந்து இங்க போடுங்க.