சட்டத்தரணி அன்ரன் முத்துக்குமாரு படை அதிகாரியானது எவ்வாறு?

கல்லடி ஆசிரியர்:
மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு வரலாறு கற்பிக்கிறேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை நமது கரைக்கு அப்பால் மூழ்கடித்ததை விளக்கிக்கொண்டிருந்தபோது, அன்று நம் நாட்டவர் எவரேனும் படை அதிகாரியாக இருந்தார்களா என ஒரு மாணவி கேட்டாள். பின்னாளில் இராணுவத் தளபதியான முத்துக்குமாருவின் பெயரைச் சொன்னேன். ஒக்ஸ்போர்டில் படித்து, கிரேஸ் இன் என்னும் இலண்டன் சட்டக் கழகத்தில் பாரிஸ்டராகி, வழக்குரைத்துக்கொண்டிருந்தவர் படைக்குள் வந்தது எப்படி என்று அவள் மேலும் கேட்டபோது என்னால் தெளிவாக விளக்க முடியவில்லை. அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

வாவிக்கரை:
ஆசிரியர் அவர்களே, 1949 ஒக்டோபர் வரை இலங்கைக்கென ஒரு நிரந்தர இராணுவம் இருக்கவில்லை என்பதிலிருந்து தொடங்கினால் மாணவிக்கு எளிதாக விளங்கும். அதற்கு முன் இருந்த இலங்கைப் பாதுகாப்புப் படை பெரும்பாலும் தொண்டர்களால் ஆனது. தோட்டத்துரைமாரும் மருத்துவர்களும் எழுதுவினைஞர்களும் தத்தம் தொழிலை விடாமலே ஓய்வு நேரத்தில் கவாத்துப் பழகினார்கள், தியத்தலாவ முகாமில் பயிற்சி பெற்றார்கள். 1908இல் பிறந்த முத்துக்குமாரு, 1934இல் அப்படையின் ஒரு பிரிவான இலங்கை இலகு காலாட்படையில் இவ்வாறே அதிகாரியானார். 1939இல் போர் மூண்டு தொண்டர்கள் முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டபோது அவருக்கு வயது 31. சட்டத்தொழில் அத்தோடு நின்றது.

கல்முனையான்:
மேலே சொன்னது சரி, ஆனால் பாடத்தை 1939இல் முடித்துவிடாதீர்கள். அழைப்பு வந்தால் போவது தொண்டரின் கடமை. போர் முடிந்தபின் பழைய தொழிலுக்குத் திரும்புவதை யாரும் தடுக்கவில்லை. அவர் திரும்பாமல், புதிதாக அமைந்த இராணுவத்திலேயே தங்கினார் என்பதுதான் என்னை எப்போதும் சிந்திக்க வைக்கிறது. பிரித்தானியர் இருவருக்குப் பின், 1955 பெப்ரவரியில், தமிழரான அவரே இராணுவத் தளபதியான முதல் இலங்கையர். 1959 இறுதிவரை அப்பதவியில் இருந்தார். அந்தப் பதவியை மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, தொழிலைத் துறந்த மனிதர் தெரியவே மாட்டார்.

அக்கரைப்பற்று வாசகி:
என் பெரியப்பாவும் போர்க்காலத்தில் தொண்டர் படையில் சேர்ந்த ஆசிரியர்தான். அவர் சீருடையைக் களைந்து மீண்டும் கரும்பலகைக்கு வந்தவர். படையிலேயே தங்கியவரைப் பற்றிக் கூறும்போது, திரும்பி வந்தவர்களையும் உங்கள் மாணவிக்குச் சொல்லுங்கள், ஐயா.

கல்லடி ஆசிரியர்:
மிக்க நன்றி. திங்கட்கிழமை வகுப்பில் 1934, 1939, 1949 ஆகிய மூன்று ஆண்டுகளையும் பலகையில் எழுதி, அவர் எந்த ஆண்டில் படைவீரரானார் என்று மாணவர்களையே கேட்கப்போகிறேன்.