8,000 பவுணுக்குப் பழைய எஸ்டேட் கார்: ஓரிஸா, போக்கஸா, ஒக்டேவியாவா?

தென்றல்:

வணக்கம். நாங்கள் இருப்பது குறொய்டனில். நானும் கணவரும், எட்டு வயது மகன், ஒரு கைக்குழந்தை, கூடவே மாமி. இப்போது இருக்கும் சின்னக் கார் இனிச் சரிவராது. சனிக்கிழமைகளில் மகனைத் தமிழ்ப் பள்ளிக்கும், அங்கிருந்து மிருதங்க வகுப்புக்கும் கூட்டிப் போகவேண்டும். தள்ளுவண்டியை டிக்கியில் வைத்தால் மிருதங்கம் மாமியின் மடிக்கு வந்துவிடுகிறது.

ஏழு பேர் ஏறும் கார் வேண்டாம், எங்கள் தெருவில் நிறுத்த முடியாது. அதனால்தான் எஸ்டேட் (பின்பக்கம் நீண்டு, டிக்கி பெரிதாக உள்ள கார்) பார்க்கிறோம். கையில் 8,000 பவுண் இருக்கிறது. மூன்று கார் கண்ணில் பட்டிருக்கிறது, மூன்றும் 2016: ரொயோட்டா ஓரிஸ் ரூரிங் ஸ்போர்ட்ஸ் ஹைபிரிட் (பெற்றோலோடு பற்றரியிலும் ஓடுவது, 88,000 மைல்), போர்ட் போக்கஸ் 1.0 பெற்றோல் (61,000), ஸ்கோடா ஒக்டேவியா 1.6 டீசல் (70,000). ஓரிஸ்தான் விலையும் கூட, மைலும் கூட. கணவருக்கு ஒக்டேவியாவில் ஆசை. டிக்கி பெரிது, எரிபொருள் செலவும் குறைவு என்கிறார். எனக்கோ பழைய ஹைபிரிட் பற்றரியை நினைத்தால் பயமாக இருக்கிறது. எங்கள் ஓட்டம் பெரும்பாலும் பள்ளி, கடை, ஸ்ரேசன். எப்போதாவது பேர்மிங்காமில் அக்கா வீட்டுக்குப் போவோம். எதை எடுக்கலாம்?

பனைமரம்:

தங்கச்சி, உங்கள் கேள்விக்கான பதில் கடைசி வரிகளில்தான் இருக்கிறது. பள்ளி, கடை, ஸ்ரேசன் என்று ஓடும் வீட்டுக்கு டீசல் வேண்டாம். கார் நல்ல கார், ஓட்டம்தான் அதற்குப் பொருந்தாது. டீசல் காரின் புகைபோக்கியில் கரியைப் பிடித்து வைக்க டி.பி.எப். என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ள, எஞ்சின் நன்றாகச் சூடாகி மோட்டர்வேயில் கொஞ்ச நேரம் விடாமல் ஓடவேண்டும். உங்கள் பக்கத்துப் பேர்லி வே வீதியில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போனால் அது நடக்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2014 பெப்ரவரியில் இருந்து, டி.பி.எப். கழற்றிய டீசல் கார் எம்.ஓ.ரி. என்ற வருடாந்தப் பரிசோதனையில் தோல்வி.

யூலெஸ் (புகை கூடிய கார்கள் காசு கட்டவேண்டிய லண்டன் வலயம்) கணக்கையும் பார்க்கவேண்டும். 2023 ஓகஸ்ட் 29 முதல் குறொய்டன் உட்பட லண்டன் முழுவதும் அதற்குள்தான். புகைத் தரம் பெற்றோலுக்கு யூரோ 4, டீசலுக்கு யூரோ 6 இருந்தால் போதும், இல்லையென்றால் நாளுக்கு 12.50 பவுண். நீங்கள் பார்த்த மூன்றும் தப்பிவிடும். ஆனாலும் காசு கொடுக்கமுதல் நம்பர் பிளேற்றை லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் அடித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

போக்கஸ் ஓட்டுவதற்கு மூன்றிலும் சுகமான கார். ஆனால் அந்த 1.0 எஞ்சினின் ரைமிங் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடுவது. சரியான எண்ணெயை நேரத்துக்கு மாற்றாத காரில் பெல்ட் துகள் துகளாக உதிர்ந்து எண்ணெய் போகும் வழியை அடைத்துவிடும், பிறகு எஞ்சினே போய்விடும். பெல்ட் மாற்றும் செலவு ஆயிரம் பவுணைத் தாண்டும். ஒவ்வொரு வருடமும் எண்ணெய் மாற்றிய பில் இல்லாத போக்கஸை நான் என் தம்பிக்குக்கூட வாங்க விடமாட்டேன்.

நான் ஓடுவது ஓரிஸ் ரூரிங் ஸ்போர்ட்ஸ்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதில் தேய்வதற்குக் கிளச் இல்லை, ரைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், தனியாக ஸ்ராட்டர் மோட்டரும் கிடையாது. பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருப்பதால் டிக்கி குறையாது: 530 லீற்றர். போக்கஸில் 476, ஒக்டேவியாவில் 610. பற்றரிக்குக் காற்று இழுக்க, பின் இருக்கையை ஒட்டி ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது. அதில் தூசியோ நாய்மயிரோ அடைத்திருந்தால் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். போனவுடன் குனிந்து அதைப் பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் காரை எப்படி வைத்திருந்தார் என்று அந்தத் துவாரம் சொல்லிவிடும். ரொயோட்டா கராஜில் வருடம் ஒருமுறை ஹைபிரிட் சோதனை செய்து தேறினால், அடுத்த ஒரு வருடத்துக்கு அல்லது 10,000 மைலுக்குப் பற்றரிக்கு உத்தரவாதம் தருவார்கள், காருக்கு 15 வயதாகும்வரை. அந்தத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும்.

பற்றரியைவிட நான் கவனிப்பது எஞ்சினின் குளிர் ஸ்ராட், அதாவது ஆறிக் கிடக்கும் எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பது. கார் பார்க்க வரும்வரை எஞ்சினைச் சூடாக்கவேண்டாம் என்று முதலே சொல்லிவையுங்கள். போனதும் பொனற்றில் கை வைத்துப் பாருங்கள். எஞ்சின் பிடிக்கும்போது கடகடவென்று உதறினால், கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்படவேண்டும். அப்படிப்பட்டதை விட்டுவிட்டு வாருங்கள், வேறு ஓரிஸ் கிடைக்கும்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் ஐந்து பேர். பின்னால் இரண்டு பிள்ளைச் சீற், நடுவில் மாமி. இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஒக்டேவியா அகலமான கார், ஆனால் பின்னால் நடுவில் தரை மேடாக எழும்பியிருக்கும், மாமி காலை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு இருக்கவேண்டும். ஓரிஸில் தரை கிட்டத்தட்டச் சமம், ஆனால் அகலம் கொஞ்சம் குறைவு. இரண்டு சீற்றையும் மாமியையும் கூட்டிக்கொண்டு போய் இருத்திப் பாருங்கள், மிருதங்கத்தையும் தள்ளுவண்டியையும் டிக்கியில் வையுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பேர்மிங்காம் வரைக்கும் முழங்கால் நோவோடு இருக்கப்போவது மாமிதான்.

கடலோடி:

ஒக்டேவியாவை முழுக்கத் தள்ளவேண்டாம். அதிலேயே 1.4 பெற்றோல், கை கியர் கிடைத்தால் நல்ல குடும்பக் கார், டி.பி.எப். தலையிடியும் இல்லை. ஓட்டோமற்றிக் என்றால் ஏழு கியர் உலர் கிளச் (எண்ணெயில் நனையாத கிளச்) வகையா என்று கேட்டு, ஊர்ந்து போகும் நெரிசலில் ஓட்டிப் பார்த்து எடுங்கள்.

செவ்வந்தி:

நான் விற்பவரைப் பற்றிச் சொல்கிறேன். கார் எதுவானாலும் எம்.ஓ.ரி. வரலாற்றை அரசாங்கத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், நம்பர் மட்டும் போதும். தேறியதா இல்லையா என்பதோடு நிறுத்தாமல், பரிசோதித்தவர் எழுதிய குறிப்புகளை வருடவாரியாக வாசியுங்கள். அதே ரயர் தேய்வு இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து வந்தால், காருக்குச் செலவழிக்க மனமில்லாதவர் வைத்திருந்த கார் அது. மைல் கணக்கும் அதிலேயே இருக்கும். கடன் பாக்கி, விபத்துப் பதிவு இரண்டுக்கும் காசு கட்டி ஒரு சோதனை அறிக்கை எடுங்கள்.

கடையில் வாங்கினால் 2015 நுகர்வோர் சட்டப்படி, வாங்கும்போதே பழுது இருந்த காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. அதனால் சில வியாபாரிகள் தனி ஆள் போல விளம்பரம் போடுகிறார்கள். ஃபோன் எடுத்து, "கார் விஷயமாக எடுக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். "எந்தக் கார்?" என்று கேட்டால் பல கார் விற்கும் வியாபாரி என்று தெரிந்துவிடும்.

தென்றல்:

எல்லாருக்கும் நன்றி. மாமியின் காலைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. ஓரிஸைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகிறோம், ஒரு கடையில்தான் நிற்கிறது. பனைமரம் அண்ணா, ஹைபிரிட் காரில் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரை வெட்டிக்கொண்டு போகிறார்கள் என்கிறார்களே? எங்களுக்குக் கராஜ் இல்லை, தெருவில்தான் நிற்கும்.

பனைமரம்:

உண்மைதான். ஹைபிரிட்டில் எஞ்சின் குறைவாக ஓடுவதால் அதிலுள்ள விலை உயர்ந்த உலோகம் தேயாமல் இருக்கும், அதுதான் கள்ளரின் கண். கீழே பூட்டுத் தகடு போடலாம். ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்று கடையில் கேளுங்கள், இல்லையென்றால் அதைப் போட்டுத் தரச்சொல்லி விலை பேசுங்கள். உங்கள் தபால் குறியீட்டுக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்பதையும் சனிக்கிழமையே பார்த்து வையுங்கள்.

பிறேக் டிஸ்கில் துரு இருந்தால் உடனே பயப்படவேண்டாம். ஹைபிரிட்டில் பிறேக் குறைவாகத்தான் வேலை செய்யும், அதனால் துரு ஏறும். ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

2017 ஏப்ரலுக்கு முந்தைய ஓரிஸ் ஹைபிரிட் என்பதால் றோட் ரக்ஸ் வருடத்துக்கு 20 பவுண்தான். ஆனால் பழையவர் கட்டியது உங்களுக்கு வராது. லோக் புக்கின் (காரின் பதிவுப் பத்திரம்) பச்சைத் துண்டில் உள்ள இலக்கத்தை வைத்து, கடையில் நிற்கும்போதே ஃபோனில் கட்டிவிட்டுக் காரை எடுங்கள்.